கணவாய் ஏறிய கல்யாணக் கேக்

பாறை சரிந்ததில் யாருக்கும் அடிபடவில்லை. ஹெல்லதால் பள்ளத்தாக்குக்குள் வந்துபோக இருந்த ஒரே சாலையை மட்டும் மூடிவிட்டது. மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அது. சிக்ரூன் அப்போது தன் வீட்டுச் சமையலறையில், வளையக் கேக்கின் கடைசி வளையத்தைத் தகர டப்பாவுக்குள் பதமாக இறக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் மகள் ராக்னாவுக்குக் கல்யாணம். மலைக்கு அந்தப் பக்கம், ப்ரெய்தால் தேவாலயத்தில்.

அவளையும் கேக்கையும் அழைத்துப்போக மாப்பிள்ளையின் அப்பா ஒட்வார் வண்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ப்ரெய்தாலில் ஆடு வளர்ப்பவர். மலைச்சரிவில் நின்று ஆடுகளைக் கூப்பிட்டே பழகிய குரல். சமையலறைக்குள்ளும் அதே குரல்தான்.

"சம்பந்தியம்மா, ரோடு போச்சு" என்றார், கைப்பேசியைப் பார்த்தபடி.

"எங்க போச்சு?"

"பாறைக்கு அடியில போச்சு. பாதி மலை எறங்கி வந்து படுத்திருக்காம். திங்கக்கிழமை வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்களாம்."

கல்யாண வேலைக்காக இரண்டு நாள் முன்பே அங்கே போய்விட்ட அவள் கணவன் தோர்ஸ்டைன் உடனே கூப்பிட்டான். "நீ மட்டும் எப்படியாவது வந்து சேரு. கேக்கப் பத்திக் கவலப்படாத. இங்க கடையில ஒண்ணு வாங்கிக்கலாம்."

சிக்ரூன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அத்தனை பாதாமையும் தோலுரித்து, அரைத்து, மாவாக்கி, பெரிது அடியில் சிறிது மேலே என்று கோபுரமாக அடுக்க வளையம் வளையமாகச் சுட்டு எடுத்தவள் அவள். கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாமாம்.

"மீட்பு ஹெலிகாப்டரக் கூப்பிட்டுப் பாக்கலாமா?" என்றார் ஒட்வார்.

"கூப்பிட்டு? பாதாமுக்கு நெஞ்சுவலின்னு சொல்லவா?"

ஒட்வார் அடக்கமாட்டாமல் சிரித்தார். சிக்ரூன் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். அடிவாரத்து பிர்ச் மரங்கள் தளிர்விட்டிருந்தன. பாதிக்கு மேலே எல்லாம் வெள்ளை. இந்த வருஷத்துக்குப் போதும் என்று பனிச்சறுக்குக் கட்டைகளைத் துடைத்து மெழுகு பூசிக் கொட்டகையில் வைத்தாயிற்று. வைத்தால் என்ன, எடுக்கக் கூடாதா?

"மேல இன்னும் பனி இருக்கு" என்றாள்.

ஒட்வார் அவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "விடிகாலைல மேல்பனி கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள கணவாயத் தாண்டிட்டோம்னா அந்தப் பக்கம் சர்ருன்னு எறங்கிடலாம். மத்தியானம் மணியடிக்கறப்போ தேவாலயத்துல இருப்போம்."

"உங்களுக்கு முடியுமா சம்பந்தி?"

"என்னையா கேக்கறீங்க? எங்க ஊர்ல நடக்கறதுக்கு முன்னாடியே ஸ்கீ மேலதான் ஏத்தி விடுவாங்க."

"எங்க ஊர்ல நடக்கவும் கத்துக் குடுப்பாங்க" என்றாள் சிக்ரூன்.

தோர்ஸ்டைனின் கட்டைகளும் பூட்ஸும் ஒட்வாருக்கு வந்தன. பூட்ஸ் ஒரு அளவு பெரிது. கம்பளிக் காலுறை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அச்சாகப் பொருந்துகிறது என்று சாதித்தார். கேக் டப்பாக்கள் சிக்ரூனின் முதுகுப்பைக்குள் போயின. தானே தூக்குவதாக ஒட்வார் கேட்டுப் பார்த்தார். அன்று மத்தியானம் மேசைமேல் ஆறவைத்திருந்த உதிரித் துண்டுகளை அவர் காலி செய்ததைச் சிக்ரூன் பார்த்திருந்தாள். கல்யாணத்துக்கு அவள் உடுத்த வேண்டிய பூனாட் என்ற மரபு உடையை மட்டும் கொடுத்தாள். கனத்த கம்பளிப் பாவாடை, பூவேலை செய்த மேல்சட்டை, வெள்ளி அணிகள்.

விடிவதற்கு முன்பே வெளிச்சம் இருந்தது. அந்த மாதத்தில் அங்கே இருட்டு என்று ஒன்று பெயருக்குத்தான். கட்டைகளைத் தோளில் சுமந்து பிர்ச் காட்டுச் சேற்றில் ஏறினார்கள். ஒட்வார் நடக்க நடக்க அவர் பைக்குள் வெள்ளியெல்லாம் கொலுசு போட்டதுபோல் குலுங்கியது. பேச்சும் அதுபோலவே நிற்கவில்லை. எந்தப் பாறையடியில் எந்த ஆடு குட்டி போட்டது, எந்த வருஷம் எங்கே பனி சரிந்தது, அவர் மாமனார் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார், எல்லாம் வந்தது. சிக்ரூனுக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வேலை. பின்னால் இரைச்சல் கேட்டுக்கொண்டே முன்னால் பார்த்துப் போகப் பழகியவள்.

பனி விட்டுவிட்டுத் தெரிந்து, பிறகு ஒரே விரிப்பாயிற்று. கட்டைகளின் அடியில் ஏற்றத்துக்கான மயிர்ப்பட்டைகளை ஒட்டிக்கொண்டார்கள். மயிர் பின்பக்கம் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் சறுக்காது. மேல்பனி நிஜமாகவே கல்லாக இருந்தது. கட்டைகள் அதில் கரகரவென்று உரசின. அந்தச் சத்தம் கேட்டதும் சிக்ரூனுக்கு நேற்று மாலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள் கொஞ்சம் இளகியது.

ஓடையில்தான் முதல் தடங்கல். குளிர்காலம் முழுக்க அதன்மேல் பனி மூடிப் பாலமாக நிற்கும்.

"வாங்க, ஈஸ்டருக்கு நான் இதுமேலதான் போனேன்" என்று ஒட்வார் முன்னேறினார்.

"இருங்க." சிக்ரூன் ஊன்றுகோலை நீட்டிப் பாலத்தின் ஓரத்தில் ஒரு குத்து குத்தினாள். மேசை அகலத்துக்கு ஒரு துண்டு அப்படியே உள்ளே விழுந்தது. கீழே பச்சைத் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

ஒட்வார் குனிந்து பார்த்தார். "ஈஸ்டர் போயி ரொம்ப நாளாச்சு போல" என்றார்.

ஓடையோடு மேலே ஏறி, உறுதியான இடம் தேடிக் கடந்து, மறுபடி கீழே வரவேண்டியதாயிற்று. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது பனி கண்ணைக் கூச வைத்தது. காற்றே இல்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார்கள். காப்பி, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, ஆளுக்கொரு ஆரஞ்சு.

ஒட்வார் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே கேட்டார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க. காலைலேர்ந்து வேற என்ன பண்றீங்க."

"என் பையன் உங்களக் கண்டா நடுங்கறான்."

சிக்ரூன் ரொட்டியைக் கீழே வைத்தாள். "நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அவனப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். 'அந்தப் பையன் சாப்பிட்டானா', 'அந்தப் பையனுக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸு'ன்னுதானாம் கேப்பீங்க. அவன் பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே."

மறுக்க வாயெடுத்தவளுக்கு ஒரு சம்பவம்கூட அகப்படவில்லை. ஐவின். நல்ல பேர்தான். எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? ராக்னா முதல்முதலாக அவனை அழைத்து வந்தபோது, இவனும் நாலு மாதத்தில் போய்விடுவான் என்று நினைத்துப் பேரை மனதில் வாங்காமல் விட்டாள். அதுவே பழக்கமாகிவிட்டது.

"அதுல மரியாதைக் குறைவா ஒண்ணும் நினைக்கல நான்."

"எனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியலையே" என்றார் ஒட்வார். அந்த ஒரு தடவை குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கெளம்புங்க. பனி நமக்காகக் காத்திருக்காது."

பட்டைகளை உரித்தெடுத்து மடித்து வைத்தார்கள். நேரே கீழே இறங்கும் பள்ளத்தில் காலையிலிருந்து வெயில் விழுந்திருந்தது. மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாகவே உருண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தன.

"அது வேணாம். இந்நேரத்துக்கு அந்தப் பள்ளம் மொத்தமா எறங்கும். என் ஆடுகளே அந்தப் பக்கம் போகாது" என்றார் ஒட்வார். "மலையோட வடக்குத் தோள் வழியா போலாம். சுத்துதான், ஆனா நெழலு."

அவர் சொன்னது சரி. வடக்குத் தோளில் விரல் ஆழத்துக்கு மட்டும் இளகி, அதற்குக் கீழே கெட்டியாக இருந்தது பனி. சிக்ரூன் முதல் திருப்பம் திரும்பினாள். கட்டை சத்தமில்லாமல் வழுக்கியது. இரண்டாவது திருப்பத்தில் அவளுக்கு வயது குறைந்தது. மூன்றாவதில் பாறை, சாலை, கடைக் கேக், தோர்ஸ்டைன் எல்லாம் மறந்துபோயிற்று. சர்க்கரைபோல் பனித்துகள் இருபக்கமும் சீறி விழ, அகல அகலமாக வளைந்து இறங்கினாள். பின்னால் ஒட்வார் வெள்ளி குலுங்க ஏதோ கத்திக்கொண்டு வந்தார். "கேக்கு, கேக்கு" என்று அவர் கத்தியது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

காடு தொடங்கும் இடத்தில் ஒரு குட்டை பிர்ச் பனிக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் பனி உள்ளுக்குள் உளுத்திருந்தது. இடது கால் கட்டையோடு தொடைவரை உள்ளே போனது. சிக்ரூன் ஒரு சுற்று சுற்றி மல்லாக்க விழுந்தாள். முதுகுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது.

ஒட்வார் வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, அடிபட்டிருச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஏதோ உடைஞ்ச சத்தம் கேட்டுதே?"

"அது பாதாம்."

பையை இறக்கித் திறந்தார்கள். சின்ன வளையங்கள் தப்பித்திருந்தன. பெரிய டப்பா நசுங்கி, உள்ளே இருந்ததெல்லாம் துண்டு துண்டு. சிக்ரூன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரை நம்பிக் கொடுக்காமல் தானே தூக்கி வந்தவள் அவள். கண்ணில் நீர் முட்டியது. தலையைத் திருப்பினாள். அப்போதுதான் ஒட்வாரின் காலைப் பார்த்தாள். அவசரமாக நின்றதில் ஒரு பூட்ஸ் கட்டையோடு பத்தடி மேலே நட்டுக்கொண்டு நின்றது. அவர் ஒற்றைக்காலில், காலுறை பாதி கழன்று தொங்க, கொக்குமாதிரி ஆடிக்கொண்டிருந்தார்.

"அச்சாப் பொருந்துதுன்னீங்க" என்றாள்.

"பொருந்துச்சு. நான்தான் வெளிய வந்துட்டேன்."

அழுகையாக வந்தது சிரிப்பாக வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒட்வாரும் தொப்பென்று பக்கத்தில் விழுந்து சிரித்தார். டப்பாவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டு மென்றார். "ருசி ஒண்ணும் உடையலையே" என்றார்.

பனி முடிகிற இடத்தில், ஈரப் புல்லின்மேல் டிராக்டரை நிறுத்திக் காத்திருந்தான் மாப்பிள்ளை. தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, அதற்குமேல் வேலைக் கோட்டு மாட்டியிருந்தான். சிக்ரூனைக் கண்டதும் நிமிர்ந்து நின்றான். டப்பாவை அவனிடம் நீட்டும்போது அவள்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவன் உள்ளே பார்த்தான். ஒரு துண்டை எடுத்து உடைந்த விளிம்பைத் தடவினான். இன்னொன்றை அதோடு பொருத்திப் பார்த்தான்.

"ஒட்டிடலாம்" என்றான். "தினம் இந்த வேலதான பாக்கறேன். சர்க்கரையும் முட்டை வெள்ளையும் மட்டும் குடுங்க."

அவன் குளியலறைகளுக்கு ஓடு பதிப்பவன் என்பதே சிக்ரூனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒட்வாரின் சமையலறை மேசையில் துணி விரித்துத் துண்டுகளைப் பரப்பினார்கள். அவள் சர்க்கரைக் குழம்பை அடித்துக் கொடுத்தாள். அவன் வெண்ணெய்க் கத்தியைக் கொத்துக்கரண்டிபோல் பிடித்து மெல்லப் பூசி, பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். கை பதறவே இல்லை. மேலே எந்த அறையிலோ ராக்னா முடி பின்னிக்கொண்டு பாடுவது கேட்டது. ஒட்டு காய்வதற்குள் வழிந்ததை அவன் சுண்டுவிரலால் வழித்தெடுத்த நேர்த்தியைச் சிக்ரூன் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஐவின்" என்றாள். "இந்தத் துண்டு அங்க வரும்னு நினைக்கறேன்."

அவன் கை அந்தரத்தில் நின்றது. துண்டை வாங்கிக்கொண்டான். "ஆமா, இங்கதான்" என்றான். காது இரண்டும் சிவந்திருந்தன.

தேவாலயத்துக்குச் சற்றுத் தாமதமாகத்தான் போனார்கள். பாதிரியாருக்கும் பாறை சரிந்த கதை தெரிந்திருந்தது. விருந்தில் கேக் மேசை நடுவில் வந்து நின்றது. வெள்ளைச் சர்க்கரைக் கோலத்தில் ஒட்டுகள் எதுவும் தெரியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் உச்சி வளையத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். அதோடு எத்தனை வளையம் ஒட்டிக்கொண்டு வருகிறதோ அத்தனை பிள்ளைகள் என்று சொல்வார்கள். எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

ராக்னாவும் ஐவினும் தூக்கினார்கள். மொத்தக் கோபுரமும் தட்டோடு மேலே எழும்பியது.

"ஊர்ல பள்ளிக்கூடத்தப் பெருசு பண்ணணும்" என்றார் ஒட்வார்.

"எனக்கு ரெண்டாவது பஸ் ஒண்ணு வேணும்" என்றாள் சிக்ரூன்.

சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. ஐவின் வெளியே ஓடிப்போய் வண்டியிலிருந்து உளியும் சுத்தியும் எடுத்து வந்தான். அதைக் கழுவாமல் கேக்கில் வைக்கக் கூடாது என்று அவன் அம்மா துரத்திக்கொண்டு போனாள். கொத்திப் பெயர்த்துத்தான் எல்லோருக்கும் பங்கு போட்டார்கள். ஒட்டின இடம்தான் ருசி என்று பிள்ளைகள் அதற்கே சண்டை போட்டன.

வெயில் சாயாத அந்த மாலையில் படம் எடுக்க எல்லோரையும் புல்வெளியில் நிறுத்தினார்கள். படம் எடுக்கிறவர் கேமராவிலிருந்து இரண்டு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தார். பெண்ணின் அம்மாவுக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் முகம் செங்கல் நிறத்தில் வெந்திருந்தது. வெயில் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் ஆந்தைக் கண்போல் வெள்ளையாக இருந்தது.

"கொஞ்சம் பவுடர் போட்டுக்கறீங்களா?" என்று கேட்டார் தயங்கியபடி.

"எதுக்கு?" என்றாள் சிக்ரூன். "மலை மேல போயிட்டு வந்த மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

தோர்ஸ்டைன் அவள் காதருகே குனிந்தான். "ரோட்டுல ஒரு பக்கத்த திங்கக்கிழமையே தொறந்துடுவாங்களாம். கார்லயே போயிடலாம்."

"நீ கார்ல வா" என்றாள் அவள். "நானும் சம்பந்தியும் கணவாய் வழியா வர்றோம். ஐவினும் ராக்னாவும் வர்றோம்னு சொல்லியிருக்காங்க. வடக்குத் தோள்ல பனி இன்னும் ஒரு வாரம் தாங்கும்."

"எல்லாரும் கேமராவப் பாருங்க" என்றார் படம் எடுக்கிறவர்.