பத்தரை மணிக்காரர்

அந்தக் கட்டடத்தில் ஐந்து மாடிகள். ஆனால் துணி துவைக்கும் அறை ஒன்றுதான், தரைத்தளத்துக்குக் கீழே. மூன்று மெஷின்கள், சுவரோரம் ஒரு பெஞ்சு, குறுக்கே இரண்டு கொடிகள். மெஷின் ஓடி முடிப்பதற்குள் மாடி ஏறி இறங்குவது வீண் அலைச்சல் என்பதால் துணி போட்டவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால் பேச்சு வரும். ஒருத்தி வீட்டு மொழி இன்னொருத்திக்குத் தெரியாது. என்றாலும் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஊர்ப் பொது மொழி ஒன்று இருந்தது. பிரசவம், மாமியார், இடுப்பு வலி, கணவனின் குறட்டை என்று எல்லாவற்றுக்கும் அந்த அரைகுறை மொழியே போதுமாக இருந்தது.

அங்கே துணி துவைக்க வரும் ஒரே ஆண் அவன். அவன் கூடையோடு உள்ளே வந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். யாரும் முறைப்பதில்லை. நகர்ந்து இடம்கூட விடுவார்கள். ஆனால் அதன்பிறகு சோப்புத்தூளைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். சில வாரங்கள் சோப்புத்தூள் பேச்சைக் கேட்ட பிறகு அவனாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். தினமும் காலை பத்தரைக்குத்தான் வருவது, முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. அவன் எப்போது வருவான் என்று தெரிந்தால் அவர்கள் பேச வேண்டியதை அதற்குள் பேசி முடிக்கலாம் அல்லவா. அந்த மரியாதைக்குப் பரிசாக அவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது: பத்தரை மணிக்காரர்.

அவன் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலை மூடப்பட்ட சமயத்தில்தான் மனைவிக்கு நகரப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு அவன் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தான். மகளுக்கு ஆறு வயது ஆவதற்குள் அந்தக் ‘கொஞ்ச நாளை’ இருவருமே மறந்துவிட்டார்கள். வீட்டு வேலை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. எதுவும் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதில் அவனுக்கு ஒரு கிறுக்கு. மாவு ஏன் உப்புகிறது, முட்டைக் கறை ஏன் வெந்நீரில் இன்னும் அழுத்தமாகப் படிகிறது என்றெல்லாம் மகளுக்கு விளக்கிக்கொண்டிருப்பான். மனைவியின் அண்ணன் போனில் கூப்பிட்டு, “என்ன மாப்பிள்ளை, ராத்திரி சாப்பாடு என்னன்னு இனிமே உங்ககிட்டதான் கேட்கணுமாமே” என்று சீண்டினால், இவன் கோபப்படாமல் அன்றைய சமையலை முதலிலிருந்து விளக்கத் தொடங்குவான். மச்சான் ஏதாவது சாக்குச் சொல்லி போனை வைக்கும்வரை விடமாட்டான்.

இதெல்லாம் அவனை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு.

வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஒருநாள் ஒரு வீடு என்று முறைவைத்துப் போவார்கள். அன்றைக்கு வீட்டில் இருப்பவளுக்கு முறை. அவள் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, தாய்மார் வரும்வரை வைத்திருப்பாள். கூலி கிடையாது, எழுத்து கிடையாது. என் பிள்ளையை நீ பார், உன் பிள்ளையை நான் பார்க்கிறேன் என்ற நம்பிக்கை ஒன்றில்தான் ஏற்பாடு முழுவதும் நின்றது. மூன்றாம் மாடித் தையற்கார அக்காதான் இதற்குத் தலைவி. அவள் அவனுடைய மொழிக்காரி. தன் வீட்டையும் முறையில் சேர்க்கச் சொல்லி அவன் கேட்டபோது, “பார்க்கலாம் தம்பி” என்றாள். முடியாது என்பதை மனம் நோகாமல் சொல்லும் வழி அது என்று அவனுக்குத் தெரியும்.

அவள்மேல் குறையும் சொல்ல முடியவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் ஒரு ஆணிடம் நம் மகளை விட்டுவிட்டு நிம்மதியாக வேலை பார்ப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். உடனே ‘ஆம்’ என்று வரவில்லை. அது அவனை இன்னும் வாட்டியது.

மனைவி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “என்னையும்தான் ஆரம்பத்துல ஏற இறங்கப் பார்த்தாங்க. பொம்பளை ஓட்டுற பஸ்ஸான்னு ரெண்டு பேர் இறங்கிக்கூடப் போனாங்க. மழை பெய்ஞ்சதும் ஏறிட்டாங்க” என்றாள்.

“உன் பஸ்ஸை விட்டா அவங்களுக்கு வேற பஸ் இல்லை. எனக்குப் பதிலா ஒரு பில்டிங்கே இருக்கு” என்றான் அவன்.

மகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை. “எல்லார் வீட்டுக்கும் எல்லாரும் போறாங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏம்ப்பா யாருமே வர்றதில்லை?” என்று கேட்டாள். நம் வீடு சின்னது என்றான். தையல் ஆன்ட்டி வீடு அதைவிடச் சின்னது, போதாததற்கு நடுவில் மெஷின் வேறு இருக்கிறது என்றாள் மகள்.

அந்த நிலையில்தான் ஒரு பிற்பகல், தன் முறை வந்த நாளில், தையற்கார அக்கா போன் செய்தாள். துணிக்கட்டைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, படுத்த இடத்திலிருந்து அசைய முடியவில்லையாம். மற்ற பிள்ளைகளுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டாள். நான்காம் மாடி நர்ஸின் மகள் மட்டும் பாக்கி. நர்ஸ் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாள், போனை எடுக்கவில்லை.

“அவளுக்கு மெசேஜ் போட்டிருக்கேன். நீ உன் பொண்ணைக் கூட்டிட்டு வர்றப்ப அந்தக் குட்டியையும் கூட்டிட்டு வந்துடு. பார்த்துக்கோ தம்பி” என்றாள்.

அந்தப் ‘பார்த்துக்கோ’ பொறுப்பா எச்சரிக்கையா என்று யோசித்தபடியே அவன் பள்ளிக்குக் கிளம்பினான்.

இரண்டு சிறுமிகளையும் அழைத்துவந்தவன் முதலில் செய்த காரியம், வாசல் கதவு மூடாமலிருக்கத் தன் செருப்பை அதன் அடியில் செருகியது. பிறகு நாற்காலியை மாடிப்படியில் போகிறவர்களுக்குத் தெரியும்படி போட்டு அதில் உட்கார்ந்தான். நர்ஸ் மகளுக்கு ஐந்து வயது. பேசாத பிள்ளை. ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்தான். பாலையும் வாங்கிக் குடித்தாள். இருவரும் தரையில் படுத்து வண்ணம் தீட்டினார்கள். மகள் முகத்தில் அன்றைக்கிருந்த பூரிப்பைப் பார்த்ததும் அவன் மூச்சு சற்றுச் சீரானது.

அது நெடுநேரம் நீடிக்கவில்லை. அந்தச் சிறுமி எழுந்து நின்றாள். கவுனின் பின்பக்கமும் காலுறைகளும் நனைந்திருந்தன. தரையில் ஈரம். அவளுடைய உதடு துடித்தது. கழிப்பறை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு அடக்கிவைத்திருக்கிறாள்.

தன் மகளாக இருந்தால் இந்நேரம் குளியலறையில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, உடை மாற்றி முடித்திருப்பான். இப்போது அவன் கைகள் பாதியில் நின்றன. நர்ஸைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மனைவி பேருந்தை ஓட்டிக்கொண்டிருப்பாள், போன் அவள் பெட்டியில் இருக்கும். அக்காவால் எழவே முடியாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான், ஆளில்லை. பிள்ளைக்கு உடம்பு வெடவெடத்தது.

கடைசியில் மகளின் கால்சட்டை, பட்டன் வைத்த சட்டை, ஒரு துண்டு ஆகியவற்றைக் குளியலறையில் ஸ்டூல்மேல் வைத்தான். வாளியில் வெந்நீர் விளாவினான். சிறுமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் மகளைக்கூட அவள் உள்ளே விடவில்லை. அவன் கதவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, பொது மொழியில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்.

கவுனை மேல்வழியாகக் கழற்ற வேண்டாம், தோளைத் தளர்த்தினால் கீழே தானாக விழுந்துவிடும். காலுறையை இழுக்காதே, மேலிருந்து சுருட்டிக்கொண்டே போ. குவளையில் தண்ணீரெடுத்து இடுப்பிலிருந்து ஊற்று. துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடு. சட்டையில் முதலில் ஒரு கை, பிறகு முதுகைச் சுற்றி அடுத்த கை. பட்டனைக் கீழேயிருந்து போட ஆரம்பி. கீழே இரண்டு ஓரமும் சமமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும், மேலேயிருந்து போட்டால் ஒன்று ஏறுக்குமாறாகப் போய்விடும்.

ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனங்களில் படியேறும் காலடிச் சத்தம் எதையும் அவன் தவறவிடவில்லை. யாராவது எட்டிப்பார்த்தால், குளியலறைக் கதவோடு பேசிக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

சிறுமி வெளியே வந்தாள். எல்லாப் பட்டனும் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் செய்தது பழக்கதோஷம். அழுக்கான துணியை உடனே நனைக்காவிட்டால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கீழே போய், கவுனையும் காலுறைகளையும் மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்தினான். மெஷின் சுற்றத் தொடங்கிய பிறகுதான் போன் அடித்தது. நர்ஸ். வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிவிட்டாளாம், கட்டடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாளாம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னான்.

போனை வைத்ததும்தான் அவள் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று உறைத்தது. அவளைக் கேட்காமல் அவளுடைய பிள்ளையைத் தனியாக ஒரு ஆண் வைத்திருக்கிறான். பிள்ளை வேறு உடையில் நிற்கிறாள். அவளுடைய உடை அவசர அவசரமாகத் துவைக்கப்படுகிறது.

மெஷினை நிறுத்தினான். ஆனால் முன்பக்கம் கதவு வைத்த மெஷின் அப்படிச் சட்டென்று திறக்காது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அது ஒரு மெல்லிய குழாயில் அடைபட்ட காற்றின் அழுத்தத்தைக் கொண்டு தெரிந்துகொள்கிறது. அந்த அழுத்தம் குறையும்வரை கதவைப் பூட்டியே வைத்திருக்கும். தண்ணீர் முழுக்க வடிந்தாலும் உடனே விடாது. பூட்டுக்குள் இருக்கும் சிறிய உலோகத் தகடு, மின்சாரம் பட்டுச் சூடாகி வளைந்துதான் கதவைப் பிடித்திருக்கிறது. அது ஆறி நிமிர்ந்தால்தான் பிடி தளரும். அவசரப்பட்டுப் பிரயோசனமில்லை, அடித்தாலும் உதைத்தாலும் தகடு அதன் வேகத்தில்தான் ஆறும். மெஷினின் அடியில் பூட்டை விடுவிக்க இழுக்கும் சிறு கயிறு ஒன்று இருப்பதும் அவனுக்குத் தெரியும். இழுத்தால் கதவு திறக்கும், தண்ணீரெல்லாம் தரையில் கொட்டும். குனிந்து அதைத் தொட்டும்விட்டான். பிறகு, எதையோ மறைக்கப் பார்க்கிறவன்தான் இப்படிச் செய்வான் என்று தோன்றியதும் கையை எடுத்துக்கொண்டான்.

நர்ஸ் உள்ளே வந்தபோது மெஷின் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அவள் முதலில் பார்த்தது மகளின் சட்டையை. பிறகு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்த கவுனை. பிறகு அவனை.

“நனைஞ்சிடுச்சு” என்றான் அவன். மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தபோது அவள் கையைக் காட்டித் தடுத்தாள். மகளுக்கு முன்னால் முழங்காலிட்டு, அவர்களுடைய மொழியில் தணிந்த குரலில் கேட்கத் தொடங்கினாள்.

அந்த மொழியில் அவனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. எதையும் விளக்கியே பழகியவன், தன்னைப் பற்றிய விசாரணையை ஒரு எழுத்தும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். சிறுமி தரையைப் பார்த்துக்கொண்டு முனகினாள். நர்ஸ் மறுபடி கேட்டாள். சிறுமி அவனைச் சுட்டிக்காட்டினாள். அவன் மகள் அவன் விரலைப் பிடித்திருந்தாள், பிடி வலித்தது.

பிறகு அந்தச் சிறுமி தோள்களைக் குலுக்கிக் காட்டினாள், எதுவோ கீழே நழுவி விழுவதுபோல. குனிந்து காலில் எதையோ சுருட்டினாள். இல்லாத குவளையால் இடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். கன்னத்தை உள்ளங்கையால் ஒற்றினாள். ஒரு கையை நீட்டி, முதுகைச் சுற்றி மறு கையை வளைத்தாள். கடைசியாகச் சட்டையின் அடியைப் பிடித்து, இரண்டு ஓரங்களும் சமமா என்று தாய்க்குக் காட்டினாள். அவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சொன்னது அத்தனையும் வரிசை மாறாமல் அவன் கண்ணெதிரே நடந்தது.

நர்ஸ் எழுந்து பொது மொழிக்கு மாறினாள். முகம் இளகவில்லை.

“நீங்க வெளியவே உட்கார்ந்திருந்தீங்களா?”

“ஆமா. திரும்பிக்கூடப் பார்க்கலை.”

“குளிர்ல நடுங்கிட்டு இவ்ளோ நேரம் தனியாவா நின்னா? அஞ்சு வயசுப் பிள்ளை. தையல் அக்காவா இருந்தா ரெண்டே நிமிஷத்துல மாத்தி விட்டிருப்பாங்க.”

“அவங்க மாத்தி விட்டா நீங்க எதுவும் கேட்க மாட்டீங்க. நான் மாத்தி விட்டிருந்தா?”

அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மருத்துவமனையில் நாள் முழுக்க முன்பின் தெரியாத ஆண்களுக்கு உடை மாற்றிவிடுபவள் அவள். எந்த மனைவியும் வந்து அவளைக் கேள்வி கேட்டதில்லை. மெஷின் ஓய்ந்துவிட்டது. கதவு இன்னும் விடவில்லை.

“மாத்தி விட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன்” என்றாள் கடைசியில். “மாத்தி விடலைன்னும் கோபம் வருது. ரெண்டும் எப்படி நியாயமாகும்னு எனக்கே தெரியலை.”

அவனுக்கு அதுவே ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. “மறுபடி இப்படி ஆச்சுன்னா நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லிடுங்க. எதுவரைக்கும்னு சொல்லிடுங்க” என்றான்.

அவள் யோசித்தாள். “பட்டனைப் போட்டு விடுங்க. காலுறையைக் கழட்டி விடுங்க. மத்ததை அவளே பண்ணிப்பா. ஆனா நடுங்க விடாதீங்க.”

கதவில் ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அவன் கவுனை எடுத்து உதறினான். சோப்பு போகாமல் கனமாகத் தொங்கியது. இன்னொரு முறை அலச வேண்டும், தண்ணீர் அதிகம் பிடிக்கும் துணி, நிழலில்தான் காயப்போட வேண்டும் என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“அலசிப் போடுங்க. நாளைக்கு எடுத்துக்கறேன்” என்றாள் நர்ஸ். “அக்கா எழுந்திரிக்க நாலஞ்சு நாளாகும்னாங்க. நாளைக்கும் ஸ்கூல்லேருந்து நீங்களே இவளைக் கூட்டிட்டு வந்துடுங்க.” வாசல் வரை போனவள் திரும்பினாள். “மத்தவங்ககிட்ட நடந்ததை அப்படியே சொல்லுவேன். மறைக்க மாட்டேன்.”

“சொல்லுங்க.”

“அவங்க என்ன சொல்வாங்கன்னு தெரியாது.”

தாயும் மகளும் படியேறும் சத்தம் ஓயும்வரை அவன் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“நாளைக்கும் வருவாளாப்பா?” என்றாள் மகள்.

“வருவா.”

“மத்தவங்க?”

அவன் கவுனை மறுபடி மெஷினில் போட்டான். நர்ஸ் இந்நேரம் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள் என்று மனம் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தது.

“தெரியலைடா” என்றான்.