வைகாசி முடிவதற்குள்

திருமானூரிலிருந்து மாமியார் காத்தாயி போனில் கேட்டது சாதாரணக் கேள்விதான். பூமி பூஜை நாளில் மருமகளுக்குத் தூரம் வந்துவிடாதே என்று கேட்டாள். போன வாரமே குளித்தாகிவிட்டது அத்தை என்று மணிமொழி சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அதை இனித் திருப்பி எடுக்க முடியாது என்று உறைத்தது. இரண்டு மாதமாக அவள் அப்படிக் குளிக்கவில்லை.

அப்போது அவள் ஜவுளிக்கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சந்தில் நின்றிருந்தாள். அன்று காலையில்தான் தெரிந்துகொண்டிருந்தாள். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம், தன்னைத் தெரியாத மருந்துக் கடையாகப் பார்த்து வாங்கி வந்த சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. கல்யாணமாகி நான்கு வருடம் காத்திருந்த கோடுகள். அவற்றைப் பார்த்ததும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. வைகாசி முடிய எவ்வளவு நாள் இருக்கிறது என்றுதான் மனம் போனது.

அவள் கணவன் ரஞ்சித்குமாரின் குடும்பத்தில், வீட்டுப் பெண் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட மாட்டார்கள். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடக்கவாவது வேண்டும். காத்தாயி இதை நம்புவதாகச் சொல்ல மாட்டாள். கண்ணால் பார்த்ததாகச் சொல்வாள். அவளுடைய கொழுந்தன் அய்யம்பெருமாள் யார் பேச்சையும் கேட்காமல் கடைக்கால் போட்டார். அவர் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. பிள்ளை தங்கவில்லை. அந்தக் கடைக்கால்மேல் அப்புறம் சுவரும் எழும்பவில்லை. கல்யாணமான புதிதில் மணிமொழி அந்த இடத்தைப் பார்த்திருக்கிறாள். கருங்கல் வரிசைக்கு நடுவே கருவேலம் முளைத்திருந்தது. அதில் யாரோ ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

மாமியாரிடம் சொன்னால் வேலை நின்றுவிடும். இப்போது நின்றால் அப்புறம் வீடே கிடையாது. அதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முன்பு ஒரு முறை, தாங்கள் குடியிருக்கும் துறைமங்கலத்திலேயே ஒரு மனையைப் பேசி முடித்திருந்தார்கள். மார்கழியில் வேண்டாம், தை பிறக்கட்டும் என்றாள் காத்தாயி. அப்போது எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. தை பிறந்தபோது மனைக்காரர் வேறு விலை சொன்னார். அதன்பிறகு இவர்கள் சேர்க்கச் சேர்க்க மண் விலை முன்னால் ஓடியது. டவுனிலிருந்து தள்ளித் தள்ளித் தேடி, இப்போது அரியலூர் சாலையில் பேரளிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள். இதற்கு மேல் தள்ளிப் போனால் கம்பெனிக்கு உள்ளேதான் வூடு கட்டணும் என்று ரஞ்சித்குமார் ஒருநாள் சொன்னான். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை நிரப்பும் இடத்தில் அவனுக்கு வேலை.

மனையோடு வீட்டையும் கட்டித் தருகிற வேணுகோபால், பேசிய விலை வைகாசி வரைக்கும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனியிலும் ஆடியிலும் யாரும் கடைக்கால் போட மாட்டார்கள், ஆவணியில் கம்பி என்ன விலைக்கு நிற்கும் என்பது தனக்கே தெரியாது என்றார். வங்கி அதைவிட மோசம். பங்குனியில் கடனுக்குச் சரி சொன்ன மேலாளர், வைகாசி பிறக்கும் முன்பே கூப்பிட்டு, வட்டி ஏறிவிட்டது, ரஞ்சித்குமார் சம்பளத்துக்கு மட்டும் இனி அவ்வளவு வராது என்றார். மணிமொழியின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். இன்னொரு முறை ஏறினால், சேர்த்துக் காட்ட வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை.

அந்தச் சம்பளமும் எத்தனை நாளைக்கு என்று அவளுக்குத் தெரியும். கடையில் அவளுக்கு முன்னால் பில் போட்டுக்கொண்டிருந்தது பூங்காவனம். அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தபோது முதலாளி அன்பாகத்தான் பேசினார். வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்றார். பூங்காவனத்தின் ஸ்டூலில் இப்போது மணிமொழி உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் அவள் கணவனிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் நிறுத்திவிடுவான் என்று பயந்தாள். ரஞ்சித்குமார் எப்போதுமே அதிகம் பேசுகிறவன் இல்லை. அந்த நாட்களில் இன்னும் பேச்சு குறைந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருப்பான். அவளும் எதிரில் உட்கார்ந்திருப்பாள். அவன் வங்கியை நினைக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சில சமயம், அவன் நிமிர்ந்து பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட மாட்டானா என்றும் இருந்தது. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் ரத்தம் இருக்குமோ என்று பயந்து பயந்து பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் வெளியே வந்து பில் போடுவாள்.

பூஜைக்குக் காத்தாயி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். மனையில் செருப்பைக் கழற்றிவிட்டு, இங்க அடுப்படி, இங்க சாமி என்று வெறும் மண்ணில் நடந்து நடந்து காட்டினாள். அவள் இத்தனை காலமும் கொழுந்தனோடு பங்கு வைத்த ஒரு காலனி வீட்டில் இருந்தவள். அவள் முகத்தை மணிமொழியால் பார்க்க முடியவில்லை.

கொத்தனார் கருப்பண்ணன் முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே ரஞ்சித்குமாரைச் சீண்டினார். "தம்பி ஊருக்கெல்லாம் மூட்ட மூட்டையா அனுப்புது. தன் வூட்டுக்குக் கடையிலதான் வாங்குது."

"அனுப்புறவனுக்குத் தூசிதாங்க மிச்சம்" என்றாள் காத்தாயி. வேணுகோபால்கூடச் சிரித்தார்.

கருப்பண்ணன் நூல்கயிற்றை எடுத்தார். முதல் முளையில் சுற்றப் போனவர் நின்றார்.

"வழக்கமா கேக்குறதுதான். வூட்டம்மா மாசமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பெறவு ஏதாச்சும் ஒண்ணுன்னா கருப்பண்ணன் கயிறு புடிச்ச நேரம்னு சொல்லுவாங்க."

சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. காத்தாயி சிரித்த முகத்தோடு மருமகளைப் பார்த்தாள். அதில் சந்தேகம் துளியும் இல்லை. மணிமொழி வாயைத் திறந்தாள். எதைச் சொல்லத் திறந்தாள் என்று பிற்பாடு யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை.

"அதெல்லாம் இல்லண்ண. கயித்தப் புடிங்க" என்றான் ரஞ்சித்குமார்.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. முளைக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈசானி மூலையில் குழி வெட்டிப் பால் ஊற்றினார்கள். மணிமொழி நவதானியம் போட்டாள். கடப்பாரையை அவள் கையில் கொடுத்து ஒரு குத்துக் குத்தச் சொன்னார்கள். ரஞ்சித்குமார் அதை வாங்கப் பார்த்தான். பொம்பள கை படணும்டா, விடு என்றாள் காத்தாயி. அவன் விட்டுவிட்டான். மணிமொழி குத்தினாள். அடியில் கல் இருந்திருக்க வேண்டும். கடப்பாரையின் அதிர்வு கை வழியாக ஏறி, முதுகில் இறங்கி, அவள் எங்கே பயந்தாளோ அங்கே போய் நின்றது போலிருந்தது.

மாமியாரைப் பஸ் ஏற்றிவிட்டு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். அந்தச் சாலையில் எப்போதும் லாரிகளை முந்திக்கொண்டு போகிறவன், ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஏற்றி இறக்கினான். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவனே சாலையோரம் நிறுத்தினான்.

"கூரை போட்ட பெறவு அம்மாகிட்ட சொல்லிக்கலாம்" என்றான், திரும்பாமல்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டு மாசமா நீ அந்தப் பாக்கெட்ட வாங்கியாரச் சொல்லல."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவான் என்பதுதான் இத்தனை நாளும் அவளுடைய பயம். அந்தப் பயத்தின் மேல்தான் சாய்ந்து நின்றிருந்தோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஏதாவது ஒன்று நிஜமாகவே ஆகிவிடுமென்றால், அதற்குள் அவன் கண்டுபிடித்து, வேண்டாம் என்று சொல்லிவிடுவான். அப்படி ஒரு ஆள் இருக்கிறான் என்று நினைத்திருந்தாள். அவனுக்கு முன்பே தெரியும். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுடைய காதோரம் வியர்வை இறங்குவதைப் பார்த்தாள். அவனுக்கும் இவளைப் போலவே பயம். நிறுத்த வேறு யாரும் மிச்சம் இல்லை.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. வங்கி மேலாளர். சார், சார் என்று ரஞ்சித்குமார் கேட்டுக்கொண்டான். கடைக்கால் போட்டோவை அனுப்பினால் முதல் தவணையை விட்டுவிடுவார்கள் என்று அவளிடம் சொன்னான். அப்புறம் போனைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த வாரம் வட்டி மறுபடி ஏறும்போலன்றாரு. பயப்பட வேணாமாம். மாசம் கட்டுறது ஏறாதாம், வருஷந்தான் கூடுமாம்."

"எவ்ளோ கூடும்?"

"அறுவது வயசுக்கு மேலயும் கட்டிட்டு இருப்பேன்."

அவன் கம்பெனியில் அதற்குள் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அப்போது யார் சம்பாதிப்பார்கள் என்று யோசித்தாள். அவனுக்கு அறுபது என்றால் இந்தப் பிள்ளைக்கு அப்போது வயது என்ன என்று மனதுக்குள் கூட்டத் தொடங்கினாள். பாதியில்தான் உறைத்தது. பிறக்கும் முன்பே பிள்ளைக்கு வயது கணக்குப் போட்டுவிட்டோம். கூட்டியதை அப்படியே விட்டாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

அவன் எடுத்தான். அவள் ஒரு கையால் அவன் தோளையும் மறுகையால் பின்கம்பியையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் கை வைக்கவில்லை.