பெங்களூருக்கு நாலு வழி

சோலைராஜ் நாலு நாளாகப் பெங்களூருக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார். தன் தீப்பெட்டி ஆபீஸ் லெட்டர்பேடைத் திருப்பி வைத்து, ரயில், ஆம்னி பஸ், கார், மதுரையிலிருந்து விமானம் என்று நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நேரமும் தூரமும் எழுதியிருந்தார். பார்க்கிறவர்கள் மனுஷனின் அக்கறையை மெச்சுவார்கள். அவர் மனைவி பூங்கொடிக்கு மட்டும் வயிறு எரிந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் தம்பி மாதவனுக்கு அங்கே இருதய ஆபரேஷன். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. “உள்ள கொண்டு போறதுக்கு முந்தி உன் மொகத்தப் பாத்துரணும்க்கா” என்று போன வாரமே சொல்லிவிட்டான். இன்றைக்குச் செவ்வாய். மத்தியானம் மூன்று மணியாகியும் அவள் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பினபாடில்லை.

“ரயில்ல போயிருதேன்.”

“வெயிட்டிங் லிஸ்ட்டு முப்பத்தெட்டு.”

“அப்பம் பஸ்ஸு?”

“பொம்பள ஒத்தையில விடியவிடிய உக்காந்து போவியோ?”

விமானத்தில் இடம் இல்லையாம். கார் ஓட்ட டிரைவர் சதீஷ்குமார் லீவாம். அந்த லீவைக் கொடுத்ததே இவர்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியாகக் காலண்டரைக் காட்டினார். “இன்னைக்கும் நாளைக்கும் வடக்க சூலம்ட்டி. வியாழக்கெழம போவோம்.”

“வியாழக்கெழம போயி யாரப் பாக்க?”

“எவனையும் பாக்க வேண்டாம். மக காதுகுத்துல தாய்மாமன் மடியில உக்கார வேண்டிய புள்ள அடுத்தவன் மடியில உக்காந்துச்சே, மறந்துட்டியா? சபையில என் மூஞ்சியில கரியப் பூசுன பய. கெடக்கட்டும்.”

பதினோரு வருஷமாக இதே பாட்டுதான். தாய்மாமனை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டும். இவர் போனில் கூப்பிட்டார். அவன் ரோஷக்காரன், வரவில்லை. தப்பு யார்மேல் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும், இவரைத் தவிர. இப்போது சாகக் கிடக்கிறவனிடம் கணக்குத் தீர்க்கிறார். பூங்கொடி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

எதிரே ஆபீஸ் கேட்டில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரி, தார்ப்பாய் கட்டி ஓசூருக்குத் தயாராக நின்றது.

“எப்பம் போய்ச் சேருவீக அண்ணாச்சி?” என்று டிரைவர் நல்லக்கண்ணுவிடம் கேட்டாள்.

“விடிய அஞ்சுக்கெல்லாம் போயிரலாம் தாயி. அங்கன இருந்து பெங்களூருக்கு பஸ்ஸு நெறைய இருக்கு.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேலைக்கு வந்த பெண்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். சோலைராஜ் செருப்புக்கூட மாட்டாமல் ஓடி வந்தார்.

“ஏட்டி, எறங்கு! முதலாளி பொண்டாட்டி லாரியில போறான்னு ஊரு சிரிக்கும்!”

“சிரிக்கட்டும்.”

“நல்லக்கண்ணு, வண்டிய எடுத்த, இனி என் லோடு உனக்குக் கெடையாது.”

“காலையில சரக்கு எறங்கலன்னா பார்ட்டி திருப்பி அனுப்பிருவான்னு நீங்கதான சொன்னீக அண்ணாச்சி? எடுக்கவா, வேண்டாமா?”

சோலைராஜ் தார்ப்பாயைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். சட்டென்று குரல் இறங்கியது. “சரி, கார நானே ஓட்டுதேன். எறங்கி வா.”

“உங்க காருல ஏறுனா சாத்தூர்ல டயர் பஞ்சராவும், மதுரையில எஞ்சின் சூடாவும். எனக்குத் தெரியாதா?” என்றவள் நல்லக்கண்ணு பக்கம் திரும்பினாள். “நீங்க எடுங்க அண்ணாச்சி.”

லாரி நகர்ந்தது. பைபாஸ் ஏறியதும் தம்பிக்குப் போன் போட்டாள்.

“கெளம்பிட்டேன்டா.”

“அத்தானும் வாராகளாக்கா?” மாதவனுக்கு மூச்சு வாங்கியது. “அன்னைக்கி நான் வந்திருக்கணும். அவியகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு இருக்கேன்.”

பூங்கொடிக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“நீ ஒரு மண்ணும் கேக்க வேண்டாம். நீ பொழச்சு எந்திரி. அவியள ஒன்கிட்ட கேக்க வைக்கேன்.”