மணி அடிக்கும்வரை

எங்கள் ஊரில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அந்த அருங்காட்சியகத்துக்குப் போயே ஆகவேண்டும். நானும் போனவள்தான். பழைய பள்ளிக்கூடத்தையும் அதை ஒட்டி ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கம்பளிக் கொட்டகையையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். வாசலில் பழைய காலத்து உடுப்பை மாட்டிவிட்டு, அங்கே அந்தக் காலத்தில் படித்த ஒரு பிள்ளையின் பெயரட்டையை நெஞ்சில் குத்திவிடுவார்கள். மணி அடிக்கும்வரை அதுதான் உங்கள் பெயர். சொந்தப் பெயரைச் சொன்னாலோ கேட்காமல் வாயைத் திறந்தாலோ மூலையில் நிற்கவேண்டும். பிள்ளைகளுக்கு இது ஒரே குஷி. எனக்கென்னவோ அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

என் மகள் டாம்சினுக்கு ஆஸ்துமா. உதவிக்குப் போகும் தாய்மாரில் நானும் ஒருத்தி என்று தெரிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வா, ஆனா என் பக்கத்துல வராதே. மூச்சு எப்படியிருக்குன்னு எல்லார் முன்னாடியும் கேட்டு மானத்தை வாங்காதே. இன்ஹேலர நானே வெச்சுக்கறேன். நான் ஒண்ணும் பாப்பா இல்ல."

"சரிடி கிழவி," என்றேன். என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் இன்னொரு இன்ஹேலரையும் அவளே எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

உடுப்பு மாற்றியதும் முதலில் கம்பளிக் கொட்டகை. கத்தரித்துப் போட்டிருந்த கம்பளியைப் பிள்ளைகள் அள்ளி அள்ளி எறிந்து விளையாடினார்கள். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயிலில் தூசி பறந்தது. டாம்சின் லேசாக இருமினாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பிறகு வகுப்பறை. டீச்சர் வேஷம் எங்கள் பக்கத்து வீட்டு பெரிலுக்கு. ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காதவள். கறுப்புப் பாவாடையும் பிரம்புமாக நின்றால் மட்டும் எங்கிருந்துதான் அந்தக் குரல் வருமோ!

"பாடம் முடிஞ்சுது, எல்லாரும் பேசலாம்," என்று ஆரம்பத்திலேயே ஒரு தூண்டில் போட்டாள். வாயைத் திறந்த ஷர்னாவை உடனே மூலைக்கு அனுப்பினாள். "மணி அடிச்சுதா? அடிக்கலையே! மணி அடிக்காம நான் என்ன சொன்னாலும் நம்பக்கூடாது, புரிஞ்சுதா?"

வகுப்பு கப்சிப். ஷர்னா எங்கே போனாலும் திட்டு வாங்குகிற பெண். மூலை அவளுக்குப் பழகிய இடம்.

டாம்சினின் அட்டையில், "ஹெஸ்டர். நெஞ்சு பலவீனம். அடிக்கடி இருமுவாள்" என்று எழுதியிருந்தது. வாய்ப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் எழுந்து நின்றாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தோள்கள் ஏறி இறங்கின.

"ஆகா, ஹெஸ்டருக்கு இருமல் வந்துடுச்சா?" என்றாள் பெரில். "அட்டையில இருக்கறத என்னமா நடிக்கறா பாருங்க, கோரிகன்!"

வகுப்பாசிரியர் கோரிகன் படம் எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

அவள் உட்கார்ந்தாள். அப்போதுதான் கழுத்தைப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அதை எந்தப் பிள்ளையாலும் நடிக்க முடியாது.

"டாம்சின்!"

ஓடிப்போய்ப் பிடித்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. "இன்ஹேலர் எங்கடி?" பேச வரவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"பையெல்லாம் பஸ்லதான் இருக்கு," என்றார் கோரிகன். அவர் முகம் வெளுத்தது. "பஸ் டீசல் போடப் போயிருக்கு."

"முதலுதவிப் பெட்டி?"

"அதுவும்தான்."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் வெளியே ஓடினார். நான் வகுப்பைப் பார்த்துக் கத்தினேன். "யார்கிட்டயாவது இன்ஹேலர் இருக்கா?"

தூசிக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் ஆகாது. ஆனால் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, பிரம்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் குலுங்கினான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பெரில் பிரம்பை வீசி எறிந்தாள். "பாடம் முடிஞ்சுது கண்ணுங்களா! நெசமாத்தான் சொல்றேன், பேசுங்க!" அவள் குரல் உடைந்து அழுதேவிட்டாள். பிள்ளைகள் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டார்கள். இந்தத் தடவை ஏமாறுவதில்லை என்று இருந்தார்கள்.

என் கையில் டாம்சினின் தலை கனத்துக்கொண்டே வந்தது. போய்விடுவாள், இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்போதுதான் மேஜைமேல் இருந்த பித்தளை மணி கண்ணில் பட்டது. ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டே எட்டி எடுத்து, கை வலிக்க அடித்தேன்.

வகுப்பு ஒரேயடியாக இரைந்தது. மூலையிலிருந்து ஷர்னா ஓடிவந்தாள். நீளக் காலுறையைக் கீழே உருட்டி, நீல நிற இன்ஹேலரை உருவினாள்.

"பையில வெக்கச் சொன்னாங்க, நான் வெக்கல. திட்டாதீங்க ஆன்ட்டி."

திட்டுவதாவது! பிடுங்கிக் குலுக்கி டாம்சின் வாயில் வைத்து அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். தொண்டைக்குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

ஆம்புலன்ஸில் முகமூடி வழியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. நெஞ்சில் ஹெஸ்டரின் அட்டை அப்படியே இருந்தது. பயம் போனதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை சொன்னா என்னடி? மூலையில நிக்கறதுக்கா அவ்வளவு பயம்?"

அவள் முகமூடியை விலக்கினாள். "பேச வரலம்மா. அதான் எழுந்து உன்னைப் பாத்தேன்."

ஆம்புலன்ஸ்காரர் முகமூடியைத் திரும்ப வைத்தார். அவள் மறுபடியும் விலக்கினாள்.

"நீ சிரிச்சே."