இடது மூலைக்குப் போன பந்து

கூடைப்பந்துப் பயிற்சி ஆட்டத்தில் மூன்றாவது முறையும் பந்து இடது மூலைக்குப் பறந்தது. அங்கே ஆளில்லாததால் சுவரில் மோதி, வந்த வழியே உருண்டு திரும்பியது.

“அந்தச் சுவத்துக்கும் ஒரு ஜெர்சி தைக்கச் சொல்லவா?” என்று தலைமைப் பயிற்சியாளரான மாஸ்டர் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

துணைப் பயிற்சியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டத்தை ஓட்டிச் செல்லும் பாயிண்ட் கார்டாகப் புதிதாக வந்திருந்தவளைக் குருவி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவளை அணியில் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டியவள் துணைப் பயிற்சியாளர்தான். குருவியின் வேகத்திலோ பந்து தட்டும் கையிலோ குறை சொல்ல இடமில்லை. குணம்தான் பிடிபடவில்லை. திட்டினால் கோபப்பட மாட்டாள், கலங்க மாட்டாள். தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்ப்பாள், யாரோ காதோரம் சமாதானம் சொல்வதுபோல.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தாள்.

“அந்த மூலையில யாருடீ இருக்கா?”

“எங்க அக்கா மேடம். ஸ்கூல்ல இருந்தே அவ அங்கதான் நிப்பா. நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.”

அந்த அக்கா போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனது துணைப் பயிற்சியாளருக்குத் தெரியும்.

“இப்ப அவ இல்லன்னு தெரியும்ல?”

“எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியல.”

அடுத்த பாதியில் துணைப் பயிற்சியாளர், அணியிலேயே உயரமான நெட்டையை அந்த மூலையில் நிறுத்தினாள். குருவி வலப்பக்கம் பார்த்தபடியே பந்தை இடப்பக்கம் விட்டாள். தடுக்க வந்த இருவரும் ஏமாந்து நின்றார்கள். நெட்டை வாங்கினாள், போட்டாள், வளையத்தில் விழுந்தது.

“வயித்துக்குப் போடுறா மேடம்,” என்று நெட்டை முனகிக்கொண்டு வந்தாள். “என்னைவிடக் குட்டையா ஒருத்தி நிக்கிறான்னு நெனச்சுப் போட்ட மாதிரி. பாருங்க, கையெல்லாம் சிலிர்த்துப்போச்சு.”

மாஸ்டருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. “அம்மாடி, என்ன பாஸ்! அந்த மூலை மட்டும் காலியா இல்லாமப் பாத்துக்கிட்டா இந்த வருஷம் கப்பு நமக்குத்தான். என்னம்மா சொல்ற, வெச்சுக்கலாமா?”

“வெச்சுக்கலாம் மாஸ்டர்.”

கடைசிச் சில நிமிடங்களில் குருவி முதல் தடவையாக மூலையைத் திரும்பிப் பார்த்துப் பந்து போட்டாள். அந்தக் கண்ணிமைப்பில் எதிராளி கை நுழைந்துவிட்டது. சாதாரணப் பாஸ், எந்தப் பெண்ணும் போடக்கூடியது.

விசில் ஊதியதும் மூச்சு வாங்க ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“பாத்தேன் மேடம். நெட்டையக்கா மட்டுந்தான் இருந்தாங்க. கஷ்டந்தான். ஆனாப் பழகிக்குவேன். இனிமே பாத்தே போடட்டுமா?”

பார்த்தே போடு என்று சொன்னால் இந்தப் பெண் கொஞ்சங்கொஞ்சமாக அழுது தேறிவிடுவாள். கப்பும் கைநழுவிவிடும். மாஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்,” என்றாள் துணைப் பயிற்சியாளர். “பாக்காமலே போடு.”

குருவியின் முகம் மலர்ந்தது. தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. துணைப் பயிற்சியாளரால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.