பொடிசு சொன்ன முதல் வார்த்தை

எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தைக்கு இடமில்லை. மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி சட்டம் போட்டுவிட்டாள். "குழந்தை காதுல என்ன விழுதோ அதுதான் வாயில வரும். நீங்க வேலை பார்க்கற இடத்துல பேசறதையெல்லாம் செருப்போட சேர்த்து வாசல்லயே விட்டுட்டு வாங்க."

நான் பிளம்பர். நாள் முழுக்க ஒருவர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டுகிறவன். என் வாயில் தேனா வடியும்? ஆனாலும் மாறினேன். கெட்ட வார்த்தை வர வேண்டிய இடத்திலெல்லாம் காய்கறியைப் போட்டுப் பழகினேன். விரலில் ஸ்பானர் பட்டால் 'கத்திரிக்காய்', பைப் வெடித்து முகத்தில் அடித்தால் 'பூசணிக்காய்'. இதனால் வாடிக்கையாளர்கள் சிலர் நான் பசியோடு வேலை செய்கிறேன் என்று நினைத்துச் சாப்பாடு கொடுத்ததும் உண்டு.

மனைவிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. அவள் குரலில் வண்டி தாமதம் என்று கேட்டால்கூட நமக்கு நல்லது நடந்ததுபோல இருக்கும். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பொடிசு, பதினாறு மாதமாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதெல்லாம் சரியாக நடந்தது. கீழே நான்கு பல், மேலே இரண்டு. மூன்று வாரமாக நடை. நடை என்றால், விழப்போகிற திசையில் வேகமாக ஓடுவது. என் ஷூவை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றுவாள். கரண்டியைக் காதில் வைத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையாட்டுவாள். பேச்சு மட்டும் இல்லை.

"அம்மானு ஒரு தடவை சொல்லிட்டா போதும்," என்பாள் மனைவி. "ஊருக்கெல்லாம் நான் பேசறேன். என்னைப் பார்த்து என் பொண்ணு பேச மாட்டேங்கறா."

குளிர்கால விடுமுறை வந்தது. மனைவியின் அண்ணனும் அண்ணியும் நாங்களும் சேர்ந்து, மலைமேல் ஒரு மர வீட்டை நான்கு நாளைக்கு எடுத்தோம். மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் பிரேக்கைத் தேடும். அவர் மனைவி கணக்கு டீச்சர். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தால் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும்.

போய் இறங்கிய அன்று காலையே முற்றம் முழுக்கப் பனி. பொடிசுக்கு அது முதல் பனி. வெளியே கொண்டுபோகத் தயார் செய்தோம். உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் சிவப்பாக ஒரு தடித்த முழு அங்கி. ஒரு கையுறையைப் போட்டு அடுத்ததை எடுப்பதற்குள் முதலாவது தரையில் கிடக்கும். கடைசியில் நாலு பேரும் வியர்த்து நின்றோம். அப்போதுதான் அவளுக்கு டயப்பர் மாற்ற வேண்டும் என்று மூக்கு சொன்னது. மறுபடியும் முதலிலிருந்து.

நாற்பது நிமிடம் கழித்து அவளைப் பனியில் நிறுத்தினோம். இரண்டு கையும் பக்கவாட்டில் நீட்டியபடி, இறக்க முடியாமல் நின்றாள். மூன்று வாரமாகக் கற்ற நடை போன இடம் தெரியவில்லை. ஒரு கால் எடுத்து வைத்தாள். அப்படியே மல்லாக்க விழுந்தாள். அழவில்லை. வானத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

"க்கம்மா..."

மனைவி பனியில் மண்டியிட்டாள். "சொல்லிட்டா! அம்மானு சொல்லிட்டா! கேட்டீங்களா?"

"அம்மாவா?" என்றார் மச்சான். "காதை நல்லா துடைச்சிக்கோ. மாமானு சொன்னா. என்னைப் பார்த்துத்தான் சொன்னா."

"மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்த்துட்டு இருக்கா, உன்னைப் பார்த்தாளாம்!"

"நான் உயரம்மா. வானத்துக்குப் பக்கத்துலதான் இருந்தேன்."

அண்ணனும் தங்கையும் மதியம்வரை இதிலேயே நின்றார்கள். இருவர் பக்கமும் சாய முடியாமல் நான் விறகு எடுக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் சறுக்கி விளையாடத் தீர்மானித்தோம். வாடகைக்கு விடுகிற சறுக்குப் பலகைகளெல்லாம் தீர்ந்துபோயிருந்தன. மச்சான் சளைக்கவில்லை. குளியலறையிலிருந்து துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பொடிசை மடியில் வைத்துத் தானும் அதற்குள் உட்கார்ந்தார். தொட்டிக்குள் அவரில் பாதிதான் கொண்டது. மீதி வெளியே வழிந்தது.

"முதல்ல பின்னாடி பார்க்கணும்," என்று பாடம் நடத்தினார். "அப்புறம் ரெண்டு பக்கமும் பார்க்கணும். அவசரமே கூடாது. மாப்பிள்ளை, மெதுவா தள்ளுங்க. மெது—"

நான் மெதுவாகத்தான் தள்ளினேன். சரிவு என் சொல்லைக் கேட்கவில்லை. தொட்டி ஒரு சுற்று சுற்றி, பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. "பிரேக்! பிரேக்!" என்ற மச்சானின் குரல் கீழே போகப் போகத் தேய்ந்தது. அடிவாரத்துப் புதர் அருகே தொட்டி கவிழ்ந்தது. நாங்கள் மூவரும் தலைதெறிக்க ஓடினோம்.

மச்சான் தலைகுப்புறக் கிடந்தார். பொடிசு அவர் முதுகின்மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் பனி. கவிழ்ந்த தொட்டியைப் பார்த்தாள். பிறகு கையுறை போட்ட கையைத் தூக்கி நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்:

"கம்மம்!"

டீச்சரக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"இது அம்மாவும் இல்ல, மாமாவும் இல்ல. குழந்தை 'கருமம்'னு சொல்றா."

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் விசாரணை. ஒரு பக்கம் அக்காவும் மனைவியும். எதிரில் நானும் மச்சானும், காப்பியடித்து மாட்டிய பையன்களைப்போல. பொடிசு உயர நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் அக்கா.

"நான் இல்ல," என்றார் மச்சான். "எதிர்ல லாரி வரும்போது ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கண்ணை மூடிக்கறவங்களுக்குப் பாடம் எடுக்கறேன். கருமம்னு சொல்ற அளவுக்கு நல்ல வார்த்தையெல்லாம் என் வாயில வராது."

அதை எல்லோரும் நம்பினார்கள். அத்தனை பார்வையும் என் பக்கம் திரும்பியது.

"நான் காய்கறிதான் சொல்வேன்," என்றேன். "அவளுக்கே தெரியும்."

"என் முன்னாடி காய்கறி," என்றாள் மனைவி. "நான் வேலைக்குப் போனப்புறம்? சாயங்காலம் முழுக்க குழந்தை உங்களோடதான இருக்கா? என் வேலை என்னன்னு தெரியுமில்ல? நாக்குல ஒரு எழுத்து தப்பாம பேசறவ பொண்ணு, முதல் வார்த்தையா இதைச் சொல்றா!"

அந்த நேரம் பார்த்து உருளைக்கிழங்கு கிண்ணம் கீழே விழுந்தது. பொடிசு எட்டிப் பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கம்மம்."

தீர்ப்பு எழுதியாயிற்று. பயணம் முடியும்வரை குழந்தையிடம் நான் மூன்றே வாக்கியம் பேசலாம்: பால் வேணுமா, தூக்கம் வருதா, கீழே இறங்கு. பதினாறு மாதம் நான் நாக்கைக் கட்டிப்போட்டது எனக்குத்தான் தெரியும். ஆனால் வாதாட வாதாடக் குற்றவாளி மாதிரியே தெரிந்தேன். விட்டுவிட்டேன்.

பொடிசு விடவில்லை. காலுறை கழன்றால் கம்மம். கட்டை அடுக்கு சரிந்தால் கம்மம். மச்சான் காலையில் ஆட்டம் போட்டு உடற்பயிற்சி செய்வதைப் பார்த்தும் கம்மம். ஓர் இடத்தில்கூடத் தப்பாகச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். பெருமையாகத்தான் இருந்தது, வெளியே காட்டவில்லை.

மூன்றாம் நாள் பனி கொட்டியது. நிலைய மேலாளர் போன் செய்தார். வண்டியெல்லாம் தாமதமாம், மாற்று அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். வரிகளை அனுப்புகிறேன், போனிலேயே பேசிப் பதிவுசெய்து அனுப்பும்மா என்றார்.

"சத்தம் வரக் கூடாது. குழந்தையைப் பிடிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு மனைவி படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எதிரொலி கேட்காமலிருக்கப் போர்வைக்குள் புகுந்து பேசுவாளாம்.

நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அடுப்பில் விறகு வைக்க ஒரு நிமிடம் திரும்பினேன். அந்த ஒரு நிமிடத்தில் பொடிசு நுனிக்காலில் நின்று கதவுப் பிடியை இழுத்துத் திறக்கக் கற்றுக்கொண்டாள். பால் புட்டியோடு உள்ளே போனாள். நான் போய்ப் பார்த்தபோது மனைவி போர்வைக்கு வெளியே தலையில் பால் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள்.

"பதிவு போயிடுச்சா?" என்றேன்.

"அனுப்பிட்டேன். சிக்னல் விட்டு விட்டு வருது, மறுபடி கேட்டுப் பார்க்க முடியல. இவளைத் தூக்குங்க முதல்ல."

"பால் வேணுமா?" என்று மகளைக் கேட்டேன். எனக்கு அனுமதித்த வாக்கியம் அது. மனைவி முறைத்தாள்.

நான்காம் நாள் ஊர் திரும்பினோம். எங்கள் வண்டியே மூன்று மணி நேரம் தாமதம். எங்கள் நிலையத்தில் இறங்கியபோது நடைமேடையில் காலூன்ற இடமில்லை. பெட்டிகள்மேல் மனிதர்கள், மனிதர்கள்மேல் குழந்தைகள். ஆனால் ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. எதற்கோ காத்திருப்பதுபோல ஒலிபெருக்கியைப் பார்த்தபடி இருந்தார்கள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. என் மனைவியின் குரல், பாலில் தேன் கலந்ததுபோல வந்தது.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு. கடும் பனிப்பொழிவின் காரணமாக எல்லா வண்டிகளும் தாமதமாக வந்து சேரும். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்." ஒரு சின்ன இடைவெளி. 'தொப்' என்று ஏதோ விழும் ஓசை.

நடைமேடை முழுக்க ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒலிபெருக்கியோடு சேர்ந்து இருநூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"கருமம்!"

கைதட்டல். விசில். என் தோளிலிருந்த பொடிசு பூரித்துப்போய் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மனைவி நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டாள். மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் சூட்கேஸின்மேல் சரிந்தார். அது சக்கரம் வைத்த சூட்கேஸ், அவரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. அக்கா மெல்லக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நாத்தனாரைப் பார்த்தார்.

அறைக் கதவைத் திறந்துகொண்டு மேலாளர் ஓடிவந்தார். "வந்துட்டியாம்மா!"

"சார், மன்னிச்சிடுங்க சார். குழந்தை பாலைக் கொட்டிட்டா... வாய் தவறி... என் வேலை..."

"முதல் தடவை கேட்டதும் உன்னை வேலையை விட்டுத் தூக்கணும்னுதான் கிளம்பினேன்," என்றார் அவர். "கூட்டத்துல மாட்டி என் அறைக்கு வந்து சேர அரைமணி ஆச்சு. அதுக்குள்ள ஒண்ணு கவனிச்சேன். போன வருஷம் பனி பெஞ்சப்ப என் ஜன்னல் கண்ணாடியை உடைச்சாங்க. இந்தத் தடவை ஒருத்தர்கூடச் சண்டைக்கு வரல. நம்ம கஷ்டம் அந்தம்மாவுக்குப் புரியுதுன்னு சொல்லிட்டுப் போறாங்க." குரலைத் தாழ்த்தினார். "ஆனாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கு. இப்பவே வந்து ஒழுங்கா பேசிடு. மேலிடத்துக்குத் தெரிஞ்சா என் பாடு ஆபத்து."

அவள் போய்ப் பேசினாள். சுத்தமான, பிசிறில்லாத அறிவிப்பு. வருந்துகிறோம் என்று முடிந்ததும் கூட்டம் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அதன்பிறகு பத்து நிமிடத்தில் மேலாளரின் ஜன்னலில் புகார் சொல்ல வரிசை நிற்கத் தொடங்கியது.

டாக்ஸியில் வீட்டுக்கு வரும்போது மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் சொன்னாள், "ஒவ்வொரு அறிவிப்பும் முடிஞ்சு மைக்கை அணைச்சதும் அந்த வார்த்தை வந்துடுதுங்க. எட்டு வருஷமா. நாள் முழுக்க இனிக்க இனிக்கப் பேசணும்ல, மிச்சம் எங்கயாவது போகணும். வீட்டுலயும் வருதுன்னு எனக்கே தெரியல."

"ம்," என்றேன்.

"உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன்."

"ம்," என்றேன் மறுபடியும். இப்படி ஒரு சந்தர்ப்பம் கல்யாணமான ஆணுக்கு அடிக்கடி கிடைக்காது. சீக்கிரம் முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அந்தக் கம்பீரம் கரைந்துவிட்டது. "அந்த இருநூறு பேரும் நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு," என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

'அம்மா' என்ற வார்த்தை வந்தது அடுத்த புதன்கிழமை. மனைவி வேலையில் இருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பொடிசு தத்தித் தத்தி வந்து என் கால்சட்டையைப் பிடித்து நின்றாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள். என் முகத்தை, நேராக என் முகத்தைப் பார்த்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னாள்: "அம்மா."

உடனே நிலையத்துக்குப் போன் போட்டேன்.

"சொல்லிட்டா! அம்மானு சொல்லிட்டா!"

மறுமுனையில் மனைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. "நிஜமாவா? யாரைப் பார்த்துச் சொன்னா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். "என்னைப் பார்த்து."

பின்னணியில் ஏதோ ஒரு வண்டி வந்து நின்றது.

"கையைத் தூக்கிட்டு நிக்கறாளா?" என்றாள்.

"ஆமா."

"அப்புறம் என்ன போன்ல பேசிட்டு இருக்கீங்க? தூக்குங்க."

தூக்கினேன்.