ஒற்றைப்படைத் தேதி

மாவட்டத்தில் ஒருவருக்குத்தான் அந்த நோய் உண்டு. கோமளவல்லிக்கு வலி மட்டும் இருந்தது.

அவள் தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போவாள். நான்கு வருடமாக அவள் சிறுநீரில் கிருமி தேடினார்கள். கிருமி இல்லை. ஆகவே வலியும் இல்லை என்று ஐந்து டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஆறாவது டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூத்திரப்பை பூரா ரணமா இருக்கும்மா. சுவரெல்லாம் ஒரே சிவப்பு."

அவள் சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கு நோய் இருக்கா சார்?"

"ரணம் இருக்கு. நோய் ஸ்டெல்லா டீச்சர் பேர்ல இருக்கு. மருந்தும் அவங்க பேருக்குத்தான் வரும்."

"அவங்களை எங்க பாக்கறது?"

"வேற எங்க, கழிப்பறை வாசல்லதான்."

கழிப்பறை ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடியில் இருந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் வழியில் ஒரு கதவு கூடுதலாக இருக்கும். இந்த முறை முப்பத்தெட்டு.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் லேமினேட் செய்த நோய்ச் சான்றிதழ்.

"எத்தனை வருஷமா வலி?"

"நாலு, டீச்சர்."

"நான் பதினோரு வருஷம் அலைஞ்சு வாங்கினது. இதைப் பாத்தப்புறம்தான் என் வீட்டுக்காரரே நம்பினார். நீ கேட்டதும் தூக்கிக் குடுத்துருவேனா?"

"முழுசா வேண்டாம் டீச்சர்."

இருவருக்கும் ஒரே சமயத்தில் அவசரம் வந்தது. கழிப்பறை ஒன்றுதான். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ முதல்ல போ."

அவள் திரும்பி வந்தபோது டீச்சர் காகிதத்தில் எழுதி முடித்திருந்தார்.

"ஒத்தைப்படைத் தேதியில நோய் உனக்கு. ரெட்டைப்படையில எனக்கு. கையெழுத்துப் போடு."

அதன்பிறகு ஒற்றைப்படை நாட்களில் நர்ஸ் மருந்தைக் குழாய் வழியாக உள்ளே ஏற்றிக் கால்மணி நேரம் அடக்கி வைக்கச் சொன்னாள். வலி தணிந்தது. போஸ்ட்மாஸ்டர், "மெதுவா வாங்கம்மா" என்றார். மறுநாள் அவரே, "சும்மா சும்மா எங்க எந்திரிச்சுப் போறீங்க?" என்றார்.

ஜனவரியில் புதுக் காலண்டரைப் புரட்டியபோது கவனித்தாள். முப்பத்தொன்றுக்கு அடுத்து ஒன்று. இரண்டும் ஒற்றைப்படை. வருடத்தில் ஏழு இடத்தில் அப்படி வந்தது. டீச்சருக்கு அப்படி ஓரிடத்திலும் வரவில்லை. போன் செய்தாள்.

"டீச்சர், எனக்கு நாள் கூட வருதே. கவனிக்கலையா?"

"நான் கணக்கு டீச்சர்டி. போனை வை, அவசரம்."

போனில் டீச்சருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "இவளுக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் மனப்பிராந்தி."

அன்று தேதி பதினொன்று.